நியதியும் மழையும்

போலாசபுரம் என்னும் ஊரில் சத்தாலபுத்தன் என்றொரு குயவன் வாழ்ந்தான். சமண ஆகமங்களுள் ஒன்றாகிய உவாசகதசாவோ என்னும் நூல் அவன் வரலாற்றைக் கூறுகிறது. ஐந்நூறு மட்பாண்டச் சாலைகளை உடையவன், பெருஞ்செல்வன், ஆசீவக நெறியைத் தழுவியவன். ஒரு நாள் அவன் தன் பச்சைப் பானைகளைச் சாலைக்கு வெளியே வெயிலில் உலர்த்திக் கொண்டிருந்தபோது மகாவீரர் அங்கு வந்தார். இப்பானைகள் எவ்வாறு உண்டாயின என்று கேட்டார். மண்ணைக் கொணர்ந்து, நீர் விட்டுக் குழைத்து, சாம்பலும் சாணமும் கலந்து, திகிரியில் ஏற்றி வனைந்தோம் என்றான் குயவன். அங்ஙனமாயின் இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என்று அடுத்த வினா எழுந்தது. சத்தாலபுத்தன் தன் சமயத்துக்கேற்ற விடையைச் சொன்னான்: முயற்சி என்று ஒன்றில்லை, யாவும் முன்னரே நியதியால் அமைந்தவை.

மகாவீரர் விடவில்லை. உன் ஆட்களுள் ஒருவன் இப்பானைகளைத் திருடினால், அல்லது உடைத்துப் போட்டால், அல்லது உன் மனைவியிடம் முறைகேடாக நடந்தால், அவனை என்ன செய்வாய் என்றார். ஏசுவேன், அடிப்பேன், கட்டிப்போடுவேன், கொன்றும் விடுவேன் என்று குயவன் கொதித்தெழுந்தான். யாவும் நியதியாயின் திருடியவன் என்று ஒருவன் இல்லையே. நீ யாரை அடிக்கிறாய்? சத்தாலபுத்தன் வாயடைத்துப் போனான். பின்னர் மகாவீரரின் இல்லற அடியார்களுள் ஒருவனானான் என்பது கதை.

இக்கதை சமணர் சொன்னது என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆசீவகன் ஒருவன் தன் கதையைத் தானே எழுதியிருந்தால், 'திருடுவது அவன் நியதி, அடிப்பது என் நியதி' என்று ஒரு வரியில் தப்பித்திருப்பான். அவ்விடை தருக்கத்துக்கு முற்றும் பொருந்தியதே. ஆயின் ஆசீவகரின் நூல்கள் அனைத்தும் அழிந்துபட்டன. மற்கலி கோசாலரின் கொள்கையை நாம் அறிவது அவருடைய எதிரிகள் வாயிலாகத்தான். புத்தர், மகாவீரர் ஆகியோர் காலத்தில் வாழ்ந்த அவர், உயிர்கள் தூய்மையடைவதற்கோ மாசடைவதற்கோ காரணம் ஏதுமில்லை என்றும், எறியப்பட்ட நூற்பந்து தன் நூல் தீருமளவும் உருண்டு செல்வதுபோல, அறிவிலியும் அறிஞனும் ஒரேயளவாக 84 இலட்சம் மகாகற்பங்களைக் கடந்தே துன்பம் தீர்வர் என்றும் உரைத்ததாகப் பௌத்தரின் சாமஞ்ஞபல சூத்திரம் கூறுகிறது. தமிழில் மணிமேகலையும் நீலகேசியும் சிவஞான சித்தியாரும் அவர் கொள்கையை எடுத்துரைக்கின்றன. பின்னிரண்டும் அதனை மறுக்கவும் செய்கின்றன.

நியதியை நம் வழக்கிலுள்ள வினைக் கொள்கையோடு குழப்பிக்கொள்வோர் பலர். வினைக் கொள்கையில் மனிதன் செய்த செயலே அவனிடம் திரும்பி வருகிறது. ஆகவே செயலுக்கு வலிமை உண்டு. நியதிக் கொள்கையில் செயலுக்கு எவ்வலிமையும் இல்லை. சமணரும் பௌத்தரும் மற்றெந்தக் கொள்கையையும்விட இதனையே கடுமையாகச் சாடியதன் காரணம் இதுதான். எனினும் அக்கொள்கைக்குச் செல்வாக்கில்லாமற் போகவில்லை. கயைக்கு அருகிலுள்ள பராபர் குன்றுகளில், அசோகர் தமது 12-ஆவது ஆட்சியாண்டில் இரண்டு குகைகளை ஆசீவகருக்கு அளித்தார். கடினமான கருங்கல்லைக் குடைந்து, முகம் பார்க்கலாம் எனும்படி மெருகேற்றிய சுவர்கள் அவை. முயற்சி பயனற்றது என்றோருக்காக எத்தனை தச்சர் எத்தனை மாதம் முயன்றனரோ!

இத்துணை பழைய வழக்கை இங்கே நாம் எடுத்தற்குக் காரணம் உண்டு. கோசாலரின் நூற்பந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு வேடம் புனைந்து இந்நாட்டிற்குத் திரும்பி வந்தது. இம்முறை அதன் கையில் கணிதம் இருந்தது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814-ஆம் ஆண்டில், உலகிலுள்ள ஒவ்வொரு பொருளின் நிலையையும் அதன்மேற் செயற்படும் விசைகளையும் ஒரு கணத்தில் முழுதும் அறியவல்ல பேரறிவு ஒன்று இருக்குமாயின், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலம் போலவே கண்முன் நிற்கும் என்று எழுதினார். கிரகணத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நாழிகை பிசகாது கணிக்கும் வானநூலின் வெற்றி அவரை அவ்வாறு எண்ணச் செய்தது. வானத்துக் கோள்களுக்கு இயன்றது வானத்து மேகங்களுக்கு இயலாதா என்ற கேள்வி இயல்பாகவே தொடர்ந்தது.

அக்கேள்விக்கு விடை தேடிய களங்களுள் முதன்மையானது இந்தியா. சூரியன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருவதை ஜெர்மானிய மருந்து வணிகர் ஷ்வாபே 1843-இல் வெளியிட்டிருந்தார். சூரியனே மழைக்கு மூலம். சூரியனுக்கு ஒரு சுழற்சி உண்டு. எனவே மழைக்கும் அச்சுழற்சி இருத்தல் வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! இந்திய அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், 1813 முதல் சென்னையில் பதிவாகி வந்த மழைக்கணக்கை எடுத்துச் சூரியப் புள்ளிகளின் கணக்கோடு ஒட்டிப் பார்த்தார். புள்ளிகள் அருகிய ஆண்டுகளில் சென்னையின் மழை குன்றியது என்றும், தென்னிந்தியப் பஞ்சங்கள் அவ்வாண்டுகளை ஒட்டியே நிகழ்ந்தன என்றும் 1877-இல் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில், வானநூல் அறிஞர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து இலண்டன் சஞ்சிகை ஒன்றில் இக்கருத்தை உலகறியப் பரப்பினர்.

1877 என்ற ஆண்டைத் தமிழர் மறக்கமாட்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார் காலத்திலிருந்து சொல்லி வந்த பஞ்சம் அதுவே. 1876-இல் மழை பொய்த்தது. சென்னை, பம்பாய் மாகாணங்கள், மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்கள் யாவும் வறண்டன. 1878-இல் அது ஓய்வதற்குள் மாண்டவர் தொகை 50 இலட்சத்திற்கு மேல் என்று மதிப்பிடுகின்றனர். கஞ்சித் தொட்டிகளை நோக்கிச் சாலைகளில் நடந்தவாறே வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

ஹண்டரின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. பஞ்சம் வரும் ஆண்டை முன்னறிந்தால் முன்னேற்பாடு செய்யலாம் என்பதே அவர் விரும்பியது. ஆயினும் ஒரு கொள்கை அதனைக் கண்டவர் கையிலேயே இருப்பதில்லை. பஞ்சம் சூரியனில் எழுதப்பட்டது என்றால், பூமியில் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சூரியப் புள்ளி மாறினால் இந்திய விளைச்சல் மாறும். இந்தியக் குடியானவன் கையில் காசிராது. இங்கிலாந்தின் துணி விலைபோகாது. இலண்டனில் வாணிப நெருக்கடி தோன்றும் என்று 1878-இல் ஒரு நீண்ட சங்கிலியைக் கோத்துக் காட்டினார். நெருக்கடிகளின் இடைவெளி 11 ஆண்டுகளுக்குச் சரியாக ஒத்துவரவில்லை. அதனால் அவர் தளரவில்லை. சூரியச் சுழற்சி 10.45 ஆண்டுகளே என்று வேறொருவர் கூறியிருந்த கணக்கு அவருக்குத் துணையாயிற்று. கொள்கை மீது காதல் கொண்டவனுக்குச் சூரியனும் வளைந்து கொடுக்கும் போலும்.

இக்கொள்கையை அமைதியாக உரைத்துப் பார்த்தவர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி என்ற படைப்பொறியாளர். 1877-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சொசைட்டியில் அவர் வைத்த வாதம் எளிமையானது. எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவான ஒரே சராசரியைக் கொண்டு சென்னையின் மழையை ஊகித்தால் நாம் எவ்வளவு தவறுவோமோ, சூரியச் சுழற்சியைக் கொண்டு ஊகித்தாலும் ஏறத்தாழ அவ்வளவே தவறுவோம். ஆகவே அச்சுழற்சி நமக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. இதே ஸ்ட்ரேச்சிதான் 1878-இல் அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். 1880-இல் வெளிவந்த அதன் அறிக்கையின் வழியாகவே, பஞ்ச காலத்தில் அதிகாரிகள் இன்னின்ன அறிகுறி கண்டால் இன்னின்னது செய்ய வேண்டும் என்று வகுத்த பஞ்ச விதித் தொகுப்புகள் தோன்றின.

சூரியன் ஒருபுறம் இருக்கட்டும். மனிதனின் தெரிவுக்கு வரலாற்றில் ஏதேனும் இடமுண்டா என்பதற்கு, ஒரே மனிதர் நடத்திய இரண்டு பஞ்சங்களைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் அம்மனிதர்.

1873-இல் பீகாரிலும் வங்கத்திலும் மழை பொய்த்தது. அப்போது வைசிராயாக இருந்தவர் நார்த்புரூக் பிரபு. நிவாரணப் பொறுப்பு டெம்பிளிடம் வந்தது. பர்மாவிலிருந்து 4 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசியை அரசாங்கமே வாங்கி வரவழைத்தது. வண்டிகளிலும் புதிதாக அமைத்த இருப்புப் பாதையிலும் கிராமங்களுக்கு அனுப்பியது. வேலை செய்ய வல்லவனுக்கு வேலையும், மாட்டாதவனுக்கு இலவச உணவும் கிடைத்தன. பட்டினியால் மாண்டோர் மிகச் சிலரே. 1874-இல் மழை வந்தது. அரிசியில் ஒரு பகுதி மிஞ்சியது. அதனை நட்டத்திற்கு விற்க நேர்ந்தது. உடனே எழுந்தது கூக்குரல். டெம்பிள் ஊதாரி என்றனர். கருவூலத்தைச் சூறையிட்டார் என்றனர். மக்கள் சாகாததே பஞ்சம் வரவில்லை என்பதற்கு அடையாளம் என்று வாதிட்டோரும் உண்டு.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசி என்று டெல்லியில் தர்பார் கூடி முழங்கியது. தெற்கே பஞ்சம் முற்றியிருந்தது. புதிய வைசிராய் லிட்டன் பிரபு, அதே டெம்பிளைத் தெற்கே பஞ்சத் தூதராக அனுப்பினார். தானிய வாணிபத்தில் அரசாங்கம் கை வைத்தலாகாது, செலவு சுருங்க வேண்டும் என்பது கட்டளை. முன்பு ஊதாரி எனப் பெயர் வாங்கியவர் இம்முறை அப்பெயரைத் துடைத்துக்கொள்வதில் முனைந்து நின்றார். நிவாரண வேலையில் மண்வெட்டி பிடிக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் இழிபெயர் பெற்றது அதுவே. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற மருத்துவர் இதனை எதிர்த்தார். உடலுழைப்புச் செய்வோன் அவ்வளவு தானியத்தில் உயிர் தரிக்க இயலாது, பருப்பும் வேண்டும் என்று எண்களோடு எடுத்துக்காட்டினார். அவர் மேலதிகாரியல்லர், அவர் கையில் கருவூலமும் இல்லை. எனினும் வாதாடிக்கொண்டே இருந்தார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பிரிந்த உயிர்கள் திரும்பவில்லை.

இரண்டு பஞ்சங்களிலும் வானம் பொய்த்தது. வறட்சி இரண்டிடத்தும் ஒரே அளவினதன்று, தெற்கில் மிகக் கொடியது, என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒரு ராத்தல் என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. கார்னிஷின் கடிதங்களும் சூரியப் புள்ளிகளால் விளையவில்லை.

லிட்டன் ஆட்சி தன் கையைக் கட்டிக்கொண்டதற்குக் காட்டிய காரணமும் ஒருவகை நியதியே. விலையேற்றமே தானியத்தைப் பற்றாக்குறை உள்ள இடத்திற்கு இழுத்து வரும். அரசாங்கம் குறுக்கிட்டால் அவ்விதி கெடும் என்பது அன்றைய பொருளாதார நூல். மக்கள்தொகை உணவை மிஞ்சிப் பெருகும்போது பஞ்சம் அதனைக் குறைக்கும் என்ற மால்தஸின் கருத்தும் அதிகாரிகளிடையே உலவியது. விலை ஏறியது உண்மை. ஆனால் வாங்கக் காசற்றவனிடம் எந்தத் தானியமும் வந்து சேரவில்லை. பஞ்சத்தினிடையே இந்தியக் கோதுமை கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது.

இங்கே அக்குயவனின் நினைவு நமக்கு வருகிறது. பசியால் மக்கள் தானியக் கடைகளையும் வண்டிகளையும் சூறையாடியபோது, இதுவும் பொருளாதார விதியின் விளைவே என்று எந்த நீதிபதியும் அவர்களை விடுவிக்கவில்லை. சூறையாடியவன் தண்டிக்கப்பட்டான், அவன் செயலுக்கு அவனே பொறுப்பு. பஞ்சத்திற்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை. பிறர் செய்த கேட்டில் முயற்சியையும், தாம் செய்யாமல் விட்ட நன்மையில் நியதியையும் காண்பது மனிதருக்கு எளிதாகவே இருந்து வந்திருக்கிறது.

இதனால் விஞ்ஞானத்தையே நாம் ஐயுறுகிறோம் என்று கொள்ளலாகாது. மாதிரிகளின் எல்லையை விஞ்ஞானிகளே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். 'மாதிரி' என்ற தமிழ்ச் சொல்லை இவ்விடத்தில் பாராட்டத் தோன்றுகிறது. 'அது மாதிரி' என்றால் அதுவே அன்று, அதனைப் போன்றது என்பதே பொருள். மொழிபெயர்ப்புத் தொழிலில் மூலத்தைவிட நேர்மையான சொல் கிடைப்பது அபூர்வம், இது அத்தகையது.

1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையை 1904-இல் கில்பர்ட் வாக்கர் ஏற்றார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர். வானிலை நூலில் முன்பயிற்சி ஏதுமற்றவர். 1913-இல் சென்னைக்கு வந்திருந்தபோது ராமானுஜனின் கணக்குகளைக் கண்டு, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதியவரும் இவரே. மழைக்குக் காரணத்தைச் சமன்பாடுகளால் வருவிக்க இயலாது என்று கண்ட வாக்கர், உலகெங்கணுமுள்ள நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை, ஆற்றுப் பெருக்கு ஆகிய பதிவுகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று எழுத்தர் கூட்டத்தைக் கொண்டு கணக்கிடச் செய்தார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் அது தாழ்வதும், பின் மாறுவதுமான பேரூசலை அவர் கண்டறிந்தது அவ்வுழைப்பின் பயன். தென் அலைவு என்று இன்று வழங்குவது அதுவே.

அவர் கண்டுபிடிப்பைவிட அவருடைய எச்சரிக்கையை நாம் பெரிதாக மதிக்கிறோம். நூறு பொருள்களை மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றுள் மிக நன்றாக ஒத்துவருவது எதுவோ அது தற்செயலாகவே ஒத்திருத்தல் கூடும். எத்தனை பொருள்களை முயன்று பார்த்தோம் என்பதையும் கணக்கிற் சேர்த்தே உறவை எடைபோட வேண்டும் என்று 1914-இல் அவர் எழுதினார். ஹண்டரும் ஜெவன்ஸும் இதனைப் படித்திருத்தல் வேண்டும். வாக்கர் கண்ட உறவுகளிலும் பல, அவர் 1924-இல் ஓய்வு பெற்ற பின் வலிமை குன்றின. 1997-இல் பசிபிக் கடலில் அந்நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோ தோன்றியது. இந்தியாவில் பஞ்சம் என்று பலர் அஞ்சினர். பருவமழையோ சராசரியில் 102 விழுக்காடு பெய்தது.

லாப்லாஸின் பேரறிவுக்கும் ஒரு தடை ஏற்பட்டது. 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லாரன்ஸ், தம் கணிப்பொறியில் ஓடிய செயற்கை வானிலையை மீண்டும் ஓட்ட விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் அச்சிற் கண்ட 0.506 என்பதை இட்டார். சிறிது நேரம் இரண்டு வானிலைகளும் இணைந்து சென்றன. பின் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதபடி பிரிந்தன. சமன்பாட்டில் தற்செயலுக்கு ஒரு துளியும் இடமில்லை. எல்லாம் நியதிப்படியே நடந்தது. ஆயினும் முன்னறிய முடியவில்லை. நியதி வேறு, முன்னறிவு வேறு என்பது இதனால் விளங்கிற்று. 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதனை நிலைநாட்டியது. அணுவுலகில் தற்செயல் உண்டு என்று இயற்பியலார் கண்டதைக் கொண்டு மனித விருப்பம் விடுதலை பெற்றுவிட்டதாகச் சிலர் மகிழ்வர். அம்மகிழ்ச்சியில் நமக்குப் பங்கில்லை. தாயக்கட்டை உருண்டு முடிவு செய்தால் அது நம் முடிவாகிவிடுமா?

விருப்பம் உண்மையில் விடுதலை உடையதா என்ற பெருவினாவை வானிலைக் கணக்கு தீர்த்து வைக்காது. ஆனால் மழையை அறியாமலே பஞ்சத்தைத் தடுக்கலாம் என்பதை நம் நாடு கண்டுவிட்டது. 1972-73-இல் மகாராஷ்டிரத்தில் கொடிய வறட்சி நேர்ந்தபோது, 1973 மே மாதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் நிவாரண வேலைகளில் கூலி பெற்றனர். அம்மாநிலம் 1977-இல் வேலை உறுதிச் சட்டத்தையும் இயற்றியது. 2002-இல் வானிலைத் துறை, 16 அளவைகளைக் கொண்ட மாதிரி ஒன்றைக் கொண்டு, சராசரியில் 101 விழுக்காடு மழை பெய்யும் என்றது. பெய்தது 81 விழுக்காடு. ஜூலையில் வழக்கமான மழையில் ஏறத்தாழப் பாதிதான். மாதிரி தோற்றது, ஆயின் அரசுக் கிடங்குகளில் அப்போது 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. துன்பம் இல்லாமலில்லை, தாது வருஷம் திரும்பவில்லை.

2003 முதல் அத்துறை அந்த மாதிரியைக் கைவிட்டுப் புதியவற்றைக் கையாண்டது. மழை எவ்வளவு என்பதோடு, குறைவாகப் பெய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, மிகுதியாகப் பெய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்றும் கூறலாயிற்று. இத்தகைய அறிக்கைகளைத் தமிழாக்குகையில் 'பெய்யக்கூடும்' என்றே நாம் எழுதுகிறோம். அச்சேறுவதற்குள் யாரோ ஒருவர் அதனைப் 'பெய்யும்' என்று திருத்திவிடுகிறார்.